படகு போகாத மாதங்களின் பறவைகள்

மலைக்குள் இருக்கும் கஹவத்தையிலிருந்து மேற்கே நேர்கோடு போட்டால் களுத்துறைக் கடற்கரை எழுபது கிலோமீற்றருக்குள் வந்துவிடும். தெற்கே போட்டால் வெலிகமையும் ஏறத்தாழ அதே தூரம்தான். பெல்மதுளை, இரத்தினபுரி என்று வளைந்து வளைந்து போகும் பஸ்ஸில் உட்கார்ந்தவருக்குத்தான் கடல் அரைநாள் பயணம். ஆலா என்ற கடல்பறவைக்கு இரண்டு மணித்தியாலம் கூட வேண்டாம். இந்த மலைகளில் பெய்யும் மழையும் அந்தக் கடலிலிருந்து வருவதுதான். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று எழும்பி இறக்குவானை மலைகளில் முட்டும்போது, தோட்டங்களில் கொங்காணி போட்டுக்கொண்டு மலையேறுகிறார்கள்; தென்கரையில் சுற்றுலாப் படகுகளைத் துறைமுகத்தில் கட்டிவிடுகிறார்கள். நவம்பரில் கடல் அடங்கும்வரை அவற்றில் பெரும்பாலானவை வெளியே போவதில்லை. இந்த ஒரு வழக்கம்தான் இலங்கையின் கடல்பறவைகளைப் பற்றிய நம் அறிவை வெகுவாகக் கோணலாக்கி வைத்திருக்கிறது. நம் கடலில் பறவை குறைவு என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உண்டாக்கியது படகுகளின் கால அட்டவணை என்று காட்டுவதும், அதை எப்படித் திருத்தலாம் என்று பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எந்தப் பறவைகளைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மீன் இறங்குதுறையில் காகங்களோடு சண்டை பிடிக்கும் கடற்காகங்களும், உப்பளத்தில் நிற்கும் நீள்கால் பறவைகளும் கரைப் பறவைகள். கரையிலிருந்து பார்வை போகும் எல்லைக்கு அப்பால் வாழ்பவை வேறு சாதி. ஷியர்வோட்டர், ஸ்டோம் பெற்றல் போன்றவை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க மட்டுமே நிலத்தை மிதிக்கின்றன. மிச்சக் காலம் முழுக்கக் கடல்தான். தாகத்துக்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கின்றன. கண்ணுக்கு மேலே இருக்கும் ஒரு சுரப்பி இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து, மூக்கு வழியாகச் சொட்டச் சொட்ட வெளியே தள்ளிவிடுகிறது. இவற்றின் அலகின்மேல் குழாய் போன்ற மூக்குத் துளைகள் உண்டு. மோப்ப சக்தி வெகு கூர்மையானது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளைச் சிறு உயிர்கள் மேயும்போது டைமெதில் சல்ஃபைட் என்ற வாயு கிளம்புகிறது. பல பெற்றல் இனங்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே இரை இருக்கும் இடத்துக்கு வந்துசேர்கின்றன என்பதை 1990களில் அந்தாட்டிக்காக் கடலில் நடந்த சோதனைகள் காட்டின. ஷியர்வோட்டரின் பறப்பும் தனி வித்தை. அலைக்கு அருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுகிறது. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி அது சிறகை விறைப்பாக விரித்தபடி மேலேறிச் சரிந்து, அலைமடிப்பில் இறங்கி, மறுபடி ஏறி, சிறகை அதிகம் அடிக்காமலே நெடுந்தூரம் போய்விடும். ஆகவே காற்று பலமாக வீசும் நாள் அதற்குச் சுகமான நாள். நமக்குப் படகேற முடியாத நாளும் அதுவேதான்.

இலங்கையில் பறவை நூல்கள் எழுதியவர்கள் இந்தக் கடலைப் பெரும்பாலும் கரையிலிருந்துதான் பார்த்தார்கள். 1880இல் முடிந்த லெக்கின் பெருநூலும், 1925இல் வந்த வெய்ட்டின் கைநூலும், 1955இல் வந்த ஹென்றியின் வழிகாட்டியும் காட்டையும் குளத்தையும் மலையையும் நுணுக்கமாகச் சொல்கின்றன. ஆழ்கடல் பறவைகளுக்கு வரும்போது ஆதாரம் சுருங்கிவிடுகிறது: புயலில் அடிபட்டுக் கரையொதுங்கியது, களைத்து விழுந்து யாரோ எடுத்துக்கொடுத்தது, கப்பலில் போனவர் கண்டது. இந்த வரலாற்றில் தோட்டத்துக்கும் பங்குண்டு. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் துரையாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் இந்நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதியவர்; மாலைதீவுப் பறவைகளையும் தொகுத்தார். தோட்டத்தில் இருந்தவர்களின் கண் கடல்வரை போயிருக்கிறது என்பதற்கு அவரே சான்று. ஆனால் அந்தக் கண் துரைமாருடையது. லயத்தில் இருந்தவர்கள் கண்டதை எவரும் எழுதிவைக்கவில்லை.

கரையொதுங்கிய பறவையை வைத்து எழுதும் கணக்கில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. கரைக்கு வருவது நோயுற்றதும், பட்டினி கிடந்ததும், வழிதவறியதும்தான். நலமாக இருக்கும் பறவை கரைக்கு வரவே வராது. அதனால் நம் கடலை ஆண்டுதோறும் ஒழுங்காகக் கடந்துபோகும் ஒரு கூட்டம்கூட நூலில் எப்போதாவது வரும் விருந்தாளியாகப் பதிவாகிவிடும். இதற்கு நல்ல உதாரணம் பிரைடில்ட் ஆலா. முதுகு கரும்பழுப்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, மிதக்கும் மரக்கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறும் பழக்கம் உடையது. 1980களில் பறவை ஆய்வாளர் ரெக்ஸ் ஐ. டி சில்வாவும் அவருடன் சேர்ந்தவர்களும் கொழும்புக் கரையில் தொலைநோக்கியோடு இருந்து, ஆகஸ்ட் முதல் ஒக்டோபர்வரை அது தெற்கு நோக்கிப் போவதை எண்ணினார்கள். வந்தவை சில உதிரிகள் அல்ல, மணிக்கணக்காக ஓடும் அணிவகுப்பு. அரபிக்கடல் பக்கத்துத் தீவுகளில் கூடு கட்டியவை இந்த வழியாகப் போகின்றன என்று கருதப்படுகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளிலும் இதே பறவைகள் இதே வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அன்று எண்ண ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு மறுப்பு இயல்பாக எழும். கரையில் உட்கார்ந்தே இவ்வளவு தெரிந்ததென்றால் படகு எதற்கு? பிரைடில்ட் ஆலா கரைக்கு ஓரளவு கிட்டவாகப் போவதால் அகப்பட்டது. ஷியர்வோட்டர்களில் சில, காற்று கரைநோக்கி அடிக்கும்போது தென்படும். ஸ்டோம் பெற்றல் அப்படியல்ல. வில்சன் ஸ்டோம் பெற்றலின் எடை நாற்பது கிராம் அளவு. தைலான் குருவியை விடச் சற்றே பெரிது. அந்தாட்டிக்காக் கரைகளிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் டிசம்பர் வாக்கில் முட்டையிட்டு, அங்கே குளிர் இறுகும்போது கிளம்பி, மே முதல் ஒக்டோபர்வரையான மாதங்களை வட இந்து சமுத்திரம் உட்பட வடக்குக் கடல்களில் கழிக்கிறது. ஒருவழித் தூரம் எண்ணாயிரம் கிலோமீற்றர் அளவு. இரண்டு கால்களையும் தொங்கவிட்டு நீர்ப்பரப்பைத் தட்டித் தட்டி, நடப்பது போலப் பறந்து, மிதக்கும் நுண்ணுயிர்களைப் பொறுக்கும். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் அலைமடிப்புக்குள் இறங்கி ஏறும் கறுப்புப் புள்ளியை எந்தத் தொலைநோக்கியும் நம்பகமாகக் காட்டாது. அதைப் பார்க்கக் கடலுக்குள் போவதைத் தவிர வழியில்லை.

கடலுக்குள் போனால் எவ்வளவு மாறும் என்பதை இந்து சமுத்திரமே ஒரு தடவை காட்டியிருக்கிறது. 1959 முதல் 1965வரை பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தில், நீரோட்டத்தையும் உப்பையும் மீனையும் அளக்கப் பல கப்பல்கள் போயின. பிரித்தானியாவின் ‘டிஸ்கவரி’யும் அவற்றில் ஒன்று. அதில் போன பெய்லி என்ற ஆய்வாளர் கப்பல் ஓடிய வழியெல்லாம் பறவைகளைக் குறித்துக்கொண்டு வந்து, மேற்கு இந்து சமுத்திரத்துக்கு ஒரு பரம்பல் படம் வரைந்தார். பறவைகள் கடல் முழுக்கச் சமமாகச் சிதறி இருக்கவில்லை. பருவக்காற்று மேல்நீரைத் தள்ளி, அடியிலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே எழும்பும் இடங்களில் அவை திரண்டிருந்தன. வெப்பமான தெளிந்த நீரில் மணிக்கணக்காக ஒன்றுமில்லை. வெப்பக் கடல் என்றால் பறவையற்ற வெட்டவெளி என்ற பொதுவான கருத்துக்கு இங்கேயே பதில் இருக்கிறது: வெட்டவெளியும் சந்தையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, காலத்தைப் பொறுத்து இடமும் மாறுகிறது.

இலங்கையின் தென்கரை அப்படியான சந்தைகளில் ஒன்று. மிரிஸ்ஸவுக்கும் தெவுந்தர முனைக்கும் வெளியே கண்டமேடை மிக ஒடுக்கம். பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் கடலடி ஆயிரம் மீற்றர் ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதற்கு ஒரு காரணம் இது. 2008 வாக்கிலிருந்து மிரிஸ்ஸ உலகப் பெயர் எடுத்ததற்கும் இதுவே காரணம். அதே படகில் போகிறவரின் தலைக்குமேல் ஸ்குவா என்ற பெரிய கடல்பறவை ஒன்று ஆலாவைத் துரத்தி அதன் வாயிலிருக்கும் மீனைக் கக்கவைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கும். படகிலுள்ளவர்கள் திமிங்கிலத்தின் வாலைப் பார்க்கத் திரும்பி நிற்பார்கள். அதைக்கூடக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, காசு கொடுத்தது வாலுக்குத்தான். பெரிய சிக்கல் மாதத்தில் இருக்கிறது. மிரிஸ்ஸப் படகுகளின் காலம் நவம்பர் முதல் ஏப்ரல்வரை. தென்கரையில் அடிநீர் பலமாக மேலெழுவதும், சற்றலைட் படங்களில் கடல் பச்சை பூசுவதும் தென்மேற்குக் காற்றின் மாதங்களில். வில்சன் பெற்றல் வருவது மே முதல். தென்மேற்கு அவுஸ்திரேலியத் தீவுகளில் பிறந்த, இளஞ்சிவப்புக் கால் கொண்ட ஷியர்வோட்டர் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து நம் கரையைக் கடப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன்வரை. பிரைடில்ட் ஆலாவின் அணிவகுப்பு ஆகஸ்ட் முதல். பறவைகளின் உச்சகாலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ முழுமையாகப் படகுகள் கட்டிக்கிடக்கும் மாதங்களில் விழுகிறது. மழை நாட்களில் கொழுந்தை நிறுக்காமலே விட்டுவிட்டு, வருட முடிவில் கணக்குப் புத்தகத்தைக் காட்டி மழைக்காலத்தில் இந்தத் தோட்டத்தில் விளைச்சலே இல்லை என்று ஒரு கணக்கப்பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்? நம் கடல்பறவைப் பட்டியல் அந்த நிலையில்தான் இருக்கிறது.

திருகோணமலைக்குப் போகலாமே என்பார்கள். தென்மேற்குக் காற்றின்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், திமிங்கிலப் படகுகளும் அப்போது அங்கே ஓடும். நல்ல யோசனைதான், ஆனால் அது கிழக்குக் கடலைப் பற்றி மட்டும் சொல்லும். மேற்குக் கரையோரமாகத் தெற்கே போகும் ஆலாவை அங்கே எண்ண முடியாது. சரி, ஜூலை மாதத்தில் மிரிஸ்ஸவிலிருந்து சுற்றுலாப் படகை ஓட்டுங்கள் என்று சொல்வதா? அது பொறுப்பில்லாத பேச்சு. வாந்தியும் தலைச்சுற்றும் ஒரு பக்கம் இருக்கட்டும்; அந்தக் கடலில் அந்த அளவுப் படகுகளை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஆனால் அந்த மாதங்களிலும் கடலில் இருக்கும் படகுகள் உண்டு. பேருவளை, காலி, மிரிஸ்ஸ, தெவுந்தர, தங்காலைத் துறைமுகங்களிலிருந்து போகும் பலநாள் மீன்பிடிப் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே கிடக்கின்றன. நாடு முழுவதும் அவை நாலாயிரத்துக்கும் மேல். கடல்பறவையைப் பார்ப்பது அந்தப் படகோட்டிகளுக்குத் தொழிலின் ஒரு பகுதி. சூரைக் கூட்டம் சின்ன மீனைக் கீழிருந்து விரட்டும்போது மேலே ஆலாக்கள் கொத்தாக விழும். எந்தப் பறவை எந்த உயரத்தில் சுற்றினால் கீழே என்ன மீன் என்பது அவர்களுக்குப் பாடம். பதிவு செய்யும் ஏற்பாடும் பாதி தயாராகவே இருக்கிறது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்க மாட்டோம் என்று தடை போட்டு அடுத்த ஆண்டு நீக்கியது. அந்தத் தடையை நீக்கச் செய்வதற்காக எடுத்த நடவடிக்கைகளில், தூரக்கடலுக்குப் போகும் படகுகளில் இருப்பிடத்தைக் காட்டும் கருவியும் மீன்பிடிப் பதிவேடும் கட்டாயமாயின. படகு எந்த நாளில் எங்கே நின்றது என்பது ஏற்கெனவே பதிவாகிறது. அந்தப் பதிவேட்டில் பறவைக்கு ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவில்லை.

மீனவர் இனத்தைச் சரியாகப் பிரிப்பாரா என்பது ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்வி. நியாயமான கேள்விதான், ஏனென்றால் கடல்பறவையை அடையாளம் காண்பது அனுபவசாலிக்கே தடுமாற்றம். சுவின்ஹோ ஸ்டோம் பெற்றலையும் அதைப் போன்ற மற்றக் கறுப்புப் பெற்றல்களையும் ஆடும் தளத்தில் நின்று பிரிப்பது லேசான காரியமில்லை. இரண்டு பதில்கள் இருக்கின்றன. கைத்தொலைபேசிப் படம் மங்கலாக இருந்தாலும் பின்னால் ஒரு நிபுணர் பார்க்க உதவும். அதைவிட முக்கியம், இனம் தெரியாமலே போனாலும் ‘கறுப்பாக, குருவியளவு, கால் தொங்கவிட்டுப் பறந்தது, ஐம்பதுக்கு மேல்’ என்ற குறிப்பு அந்தக் குடும்பம் அந்த மாதத்தில் அங்கே இருந்தது என்பதை உறுதியாக்குகிறது. இன்று நம்மிடம் அதுகூட இல்லாத மாதங்கள் இருக்கின்றன. பறவையின் முதுகில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தினால் எல்லாம் தெரியுமே என்பது இன்னொரு வாதம். மன்னாரில் கருவி பொருத்திய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய்க் கூடு கட்டுவதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது பெரிய சாதனை. ஆனால் கருவி ஒரு பறவையின் வழியைச் சொல்லும். அந்த வழியில் ஆயிரம் போனதா, பத்து வருடத்துக்குப் பிறகு அது அறுநூறு ஆனதா என்பதை எண்ணுபவர்தான் சொல்ல வேண்டும்.

படகுப் பயணத்தால் பறவைக்கே தொல்லை என்ற ஆட்சேபத்தை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் வளைத்துக்கொள்வதைப் பலரும் கண்டித்திருக்கிறார்கள். 2012இல் அரசு விதிமுறை கொண்டுவந்தது, கடைப்பிடிப்பு அதன் பிறகும் பேச்சுப்பொருளாகவே இருந்தது. பிற நாடுகளில் கடல்பறவை பார்க்கப் போகும் படகுகள் மீன்எண்ணெயும் குடலும் கலந்த கழிவைக் கடலில் ஊற்றிப் பறவையைக் கூட்டுவதுண்டு. படம் எடுக்க அது வசதி, கணக்குக்குப் பாதகம்: வாசனையைப் பிடித்துப் பல கிலோமீற்றர் தாண்டி வந்த பறவையை அந்த இடத்துப் பறவை என்று எழுத நேரும். எண்ணுவதற்காகப் போகும் படகு எதையும் ஊற்றாமல், எதையும் துரத்தாமல், தன் வழியில் ஓடிக்கொண்டிருப்பதே சரி. மீன்பிடிப் படகு இயல்பாகவே அப்படித்தான் ஓடுகிறது. கூடு கட்டும் தீவுகளை விட்டுவிட வேண்டும். ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் பல இன ஆலாக்கள் முட்டையிடுகின்றன. இலங்கைப் பக்கம் 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே வேடிக்கை பார்க்க இறங்கும் ஒருவரால் பெற்றோர் எழும்பிப் பறந்தால், வெயிலில் முட்டை வெந்துபோக அதிக நேரம் எடுக்காது.

எண்ணிக்கை இல்லாததன் விலை என்ன என்பதை 2021 மே மாதம் காட்டியது. கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்து, 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் உட்பட அதன் சரக்கு கடலில் கொட்டியது. செத்துக் கரையொதுங்கிய ஆமைகளையும் டொல்பின்களையும் எண்ண முடிந்தது. நட்டஈட்டு வழக்கும் நடந்தது. ஆழ்கடல் பறவைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், விபத்துக்கு முந்திய மே, ஜூன் மாதங்களில் அந்தக் கடலில் எத்தனை இருந்தன என்பதற்கு நம்பத்தகுந்த கணக்கு இல்லாமல் பதில் சொல்வது எப்படி? நம் கரையைக் கடக்கும் அதே இளஞ்சிவப்புக்கால் ஷியர்வோட்டர் இனம்தான், அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள லோர்ட் ஹோவ் தீவில் தன் குஞ்சுக்குப் பிளாஸ்டிக்கை ஊட்டுவதாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டிவருகிறார்கள். உலகில் தொடர்ந்து எண்ணப்பட்ட கடல்பறவைக் கூட்டங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, 1950க்கும் 2010க்கும் இடையில் அவை சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கணித்தது. ‘தொடர்ந்து எண்ணப்பட்ட’ என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணாத கடல் அந்தக் கணிப்புக்குள் வரவே இல்லை.

மலைக்குள் இருக்கும் கஹவத்தைக்கு இதெல்லாம் என்ன பொருட்டு என்று கேட்பவர் இருப்பார். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மிரிஸ்ஸப் படகின் ஒரு சீட்டும் போக வர பஸ் காசும் அதில் அடங்கவில்லை. எல்லோரும் படகேறுங்கள் என்று சொல்வது ஏளனமாகத்தான் முடியும். அதனால்தான் இந்த வேலையை ஏற்கெனவே கடலில் இருக்கும் படகுகளிடம் கேட்க வேண்டும் என்கிறேன். ஆனால் மலைநாட்டுப் பாடசாலை ஒன்று ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒரு நாள் சுற்றுலாவுக்குக் களுத்துறைப் பக்கம் போவதாக இருந்தால், விகாரையும் கடற்குளிப்பும் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் தெற்கு நோக்கிப் போகும் ஆலாக்களை எண்ணச் சொல்லலாம். அதற்குச் சீட்டு வேண்டாம். இன்னொன்றும் உண்டு. புயற்காற்று உக்கிரமாக அடிக்கும் நாட்களில் கடல்பறவைகள் நிலத்துக்குள் வெகுதூரம் அடித்து வரப்படுவது உலகெங்கும் நடப்பது. இறப்பர் மலையிலோ வாய்க்காலோரமோ நீண்ட ஒடுங்கிய சிறகோடு, நடக்கத் தெரியாமல் கிடக்கும் பறவையைக் கண்டால், அது சாகப்போகிறது என்று முடிவுகட்டத் தேவையில்லை, களைப்பாக இருக்கலாம். நாய், காகம் தொடாதபடி காற்றுத்துளையுள்ள காட்போட் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது நல்லது. முதலில் ஒரு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் எழுதிவைக்க வேண்டும். கடலிலிருந்து எழுபது கிலோமீற்றர் உள்ளே கிடைத்த ஒரு பெற்றல், அந்த வாரம் கடலில் என்ன இருந்தது என்பதற்கான சாட்சி.

படகில் எழுதுகிறவருக்கான முறையும் சிக்கலானதில்லை. உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ‘ஈபேர்ட்’ தளம், கரையிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதச் சொல்கிறது. நாள் முழுவதையும் ஒரே பட்டியலில் கொட்டினால், ஐம்பது பெற்றல் கண்டமேடை விளிம்பில் இருந்ததா ஆழ்கடலில் இருந்ததா என்பது தெரியாமல் போகும். நேரம், இடம், காற்று, பறவை வகை, எண்ணிக்கை, போன திசை: இவ்வளவு போதும். ஒன்றும் காணாத மணித்தியாலத்துக்கும் ‘பூச்சியம்’ என்று ஒரு வரி எழுத வேண்டும், ஏனென்றால் பார்த்தும் பறவை இல்லாத கடலையும் யாரும் பார்க்காத கடலையும் பிரித்துக் காட்ட அந்தப் பூச்சியத்தை விட்டால் வேறொன்றும் கிடையாது.